பாலிசியில் ஒரு வேரியபிள்: ஹோம்_நெட்டைத் திருத்திய கதை

சென்ட்ரல் இன்ஸ்பெக்‌ஷன் விபிசி (டிராஃபிக்கைச் சோதிக்கும் ஃபயர்வாலுக்கென்றே அமேசான் கிளவுடில் வைத்த தனி நெட்வொர்க்) வைத்து அமேசானின் ஏடபிள்யூஎஸ் நெட்வொர்க் ஃபயர்வால் ஓட்டுகிறவர் என்றால், மேலே படிப்பதற்கு முன் ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். ஏதாவது ஒரு ஸ்போக் விபிசியில், அதாவது அதனோடு கோத்த டீம்களின் விபிசி ஒன்றில், இருக்கும் சர்வரில் ஏறி, உங்கள் அனுமதிப் பட்டியலில் இல்லாத ஒரு தளத்துக்கு கர்ல் (கமாண்டு வழியாக ஒரு தளத்தைக் கேட்டுப் பார்க்கும் கருவி) அடியுங்கள். எக்ஸாம்பிள் டாட் ஆர்க் போதும். இணைப்பு தொங்கி டைம்‌அவுட் ஆனால் நல்லது, இந்தப் பதிவு உங்களுக்குத் தேவையில்லை. 200 என்று பதில் வந்தால், அதாவது தளம் திறந்துவிட்டால், உட்கார்ந்து படியுங்கள்.

எங்களுக்கு 200 வந்தது. ஃபயர்வால் ஓடிக்கொண்டிருந்தது, டாஷ்போர்டில் எல்லாம் பச்சை, பில்லும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. ஆனால் ஸ்போக்கிலிருந்து கிளம்பும் எந்த டிராஃபிக்கையும் டொமைன் பட்டியல் தொடவே இல்லை.

முதலில் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். ஐபி வரம்புகளை மட்டும் இந்தப் பதிவுக்காக மாற்றியிருக்கிறேன். முன்பு எங்களிடம் ஒரே ஒரு விபிசிதான் இருந்தது. ஃபயர்வாலும் அதற்குள்ளேயே. பிறகு டீம்கள் பெருக, ஆளுக்கொரு விபிசி கேட்க, எல்லாவற்றையும் டிரான்சிட் கேட்வேயில் (விபிசிகளை ஒன்றோடொன்று இணைக்கும் மையம்) கோத்து, ஃபயர்வாலை மட்டும் தனியாக ஒரு இன்ஸ்பெக்‌ஷன் விபிசியில் வைத்தோம். இன்ஸ்பெக்‌ஷனுக்கு 100.64.0.0/16. ஸ்போக்குகளுக்கு 10.1.0.0/16, 10.2.0.0/16 என்று போகும். பாலிசி புதிதாக எழுதவில்லை. அமைப்பைக் கோடாக எழுதிவைக்கும் டெராஃபார்ம் கருவியில் இருந்த பழைய மாட்யூலையே தூக்கி வந்து வைத்தோம். அதில் மூன்று ஸ்டேட்ஃபுல் (இணைப்பின் நிலையை நினைவில் வைத்துப் பார்க்கும்) ரூல் குரூப்கள்: ஒரு டொமைன் அனுமதிப் பட்டியல், நாங்களே எழுதிய சுரிகாட்டா (ஃபயர்வாலுக்குள் ஓடும் சோதனை எஞ்சின்) ரூல்கள் கொண்ட ஒன்று, ஏடபிள்யூஎஸ் தரும் மேனேஜ்டு த்ரெட் சிக்னேச்சர் குரூப் ஒன்று. ரூல் வரிசை டீஃபால்ட் ஆக்‌ஷன் ஆர்டர். அதாவது எந்த ரூலிலும் சிக்காத டிராஃபிக் தடையில்லாமல் போய்விடும். இந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். ரூல்களை நாம் சொன்ன வரிசையில் பார்க்கும் ஸ்ட்ரிக்ட் ஆர்டரில், எதிலும் சிக்காததைத் தடுக்கும் டிராப் எஸ்டாப்ளிஷ்டு வைத்திருந்தால் முதல் நாளே எல்லாம் நின்று, முதல் நாளே தெரிந்திருக்கும்.

சந்தேகம் முதலில் ரூட் டேபிள் மேல்தான் போனது. இந்த மாதிரி அமைப்பில் பத்தில் எட்டு பிரச்சினை அங்கேதான் கிடைக்கும். ஸ்போக்கின் 0.0.0.0/0 டிரான்சிட் கேட்வேக்குப் போகிறதா, போகிறது. டிரான்சிட் கேட்வேயின் ஸ்போக் ரூட் டேபிளில் டீஃபால்ட் இன்ஸ்பெக்‌ஷன் அட்டாச்மென்ட்டுக்குப் போகிறதா, போகிறது. இன்ஸ்பெக்‌ஷனில் டிரான்சிட் கேட்வே சப்நெட்டின் டீஃபால்ட், அதே ஸோனில் (டேட்டா சென்டர் தொகுதியில்) உள்ள ஃபயர்வால் எண்ட்பாயிண்ட், அதாவது ஃபயர்வாலுக்குள் நுழையும் வாசல். ஃபயர்வால் சப்நெட்டின் டீஃபால்ட், இணையத்துக்கு அனுப்பும் நேட் கேட்வே, 10.0.0.0/8 மட்டும் திரும்ப டிரான்சிட் கேட்வேக்கு. பப்ளிக் சப்நெட்டில் 10.0.0.0/8 மறுபடி ஃபயர்வால் எண்ட்பாயிண்ட்டுக்கு. எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தது.

அடுத்து அப்ளையன்ஸ் மோட். இன்ஸ்பெக்‌ஷன் அட்டாச்மென்ட்டில் அது ஆனில் இல்லாவிட்டால், போகும் பாக்கெட் ஒரு ஸோனின் எண்ட்பாயிண்ட் வழியாகவும் திரும்பும் பாக்கெட் இன்னொன்றின் வழியாகவும் போய் ஸ்டேட் குழம்பும். அதுவும் ஆனில்தான் இருந்தது. பட்டியலில் டொமைன் எழுதிய விதத்தைப் பார்த்தோம். முன்னால் புள்ளி வைத்து எழுதினால் அந்த டொமைனும் அதன் சப்டொமைன்களும் சேரும், புள்ளி இல்லாவிட்டால் அந்தப் பெயர் மட்டும்தான். அதிலும் பிழை இல்லை. பிழை இருந்தாலும் அனுமதிக்க வேண்டியது தடைபடுமே ஒழிய, தடுக்க வேண்டியது உள்ளே வராது.

ஃப்ளோ லாக்கைத் திறந்த பிறகுதான் கதை கொஞ்சம் நகர்ந்தது. சோர்ஸ் ஐபி 10.1 வரம்பில், டெஸ்டினேஷன் போர்ட் 443, ஆப் புரோட்டோ என்ற இடத்தில் டிஎல்எஸ் (மறைகுறியாக்கிய இணைப்பு). ஆக டிராஃபிக் ஃபயர்வால் வழியாகத்தான் போகிறது. வழியாகப் போவது மட்டுமில்லை, சுரிகாட்டா அதை டிஎல்எஸ் என்று அடையாளமும் கண்டிருக்கிறது. ஆனால் அலர்ட் லாக்கில் அதே நேரத்துக்கு ஒரு வரிகூட இல்லை. பார்க்கிறது, பார்த்துவிட்டுச் சும்மா இருக்கிறது.

கூட இருந்த தம்பி ஒருவன்தான் கேட்டான்: “அண்ணா, ஃபயர்வால் இருக்கிற விபிசிக்குள்ளயே ஒரு மெஷின் போட்டுப் பாத்தா என்ன?” அதைச் செய்தோம். இன்ஸ்பெக்‌ஷனில் 100.64.50.0/24 என்று புது சப்நெட், அதற்கு டீஃபால்ட் ரூட் ஃபயர்வால் எண்ட்பாயிண்ட். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. திரும்பி வரும் டிராஃபிக் நேட் கேட்வேயிலிருந்து லோக்கல் ரூட் வழியாக நேரே இந்த சப்நெட்டுக்குப் போய்விடும், ஃபயர்வாலைத் தொடாது. அதனால் பப்ளிக் சப்நெட்டின் ரூட் டேபிளில் 100.64.50.0/24 ஃபயர்வால் எண்ட்பாயிண்ட்டுக்கு என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். லோக்கல் ரூட்டைவிடக் குறுகலான ரூட்டை ஏடபிள்யூஎஸ் இப்போது ஏற்றுக்கொள்கிறது, சப்நெட்டின் சிஐடிஆர் (ஐபி வரம்பு) அப்படியே பொருந்த வேண்டும், அவ்வளவுதான்.

அந்த மெஷினிலிருந்து எக்ஸாம்பிள் டாட் ஆர்க்குக்குக் கர்ல் அடித்தோம். தொங்கியது. அலர்ட் லாக்கில் பிளாக்டு என்று வந்தது. அதே ஃபயர்வால், அதே பாலிசி, அதே பட்டியல். 100.64-லிருந்து போனால் தடுக்கிறது, 10.1-லிருந்து போனால் விடுகிறது. இதற்குமேல் ரூட்டிங்கைக் குறை சொல்ல வழியில்லை.

டொமைன் பட்டியல் என்று நாம் கன்சோலில் கொடுப்பதை ஏடபிள்யூஎஸ் பின்னால் சுரிகாட்டா ரூல்களாக மாற்றுகிறது. அந்த ரூல்களின் சோர்ஸ் இடத்தில் டாலர் குறியோடு ஹோம்_நெட் என்ற வேரியபிள் இருக்கும், டெஸ்டினேஷனில் எக்ஸ்டர்னல்_நெட். சொந்த மெஷினில் சுரிகாட்டா ஓட்டிப் பழகியவர்களுக்கு இங்கே ஒரு பழக்கதோஷம் உண்டு. அதன் யாமல் கோப்பில் ஹோம்_நெட்டின் டீஃபால்ட் மதிப்பு 192.168.0.0/16, 10.0.0.0/8, 172.16.0.0/12 மூன்றும் சேர்ந்தது. தனியார் வரம்பு எல்லாம் வீட்டுக்குள் என்று வைத்துக்கொள்ளும். நெட்வொர்க் ஃபயர்வாலில் அப்படி இல்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால், ஃபயர்வால் எந்த விபிசியில் நிற்கிறதோ அதன் சிஐடிஆர்தான் ஹோம்_நெட். எங்கள் விஷயத்தில் அது 100.64.0.0/16. அந்த விபிசியில் ஃபயர்வாலையும் நேட்டையும் தவிர யாருமே குடியில்லை. அபார்ட்மென்ட் வாட்ச்மேன் தன் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களை மட்டும் சோதித்துவிட்டு கேட்டை விரியத் திறந்து வைத்த மாதிரி.

இது ஏடபிள்யூஎஸ் ஆவணத்தில் எழுதியே இருக்கிறது, ஒளித்து வைத்த சங்கதி எதுவும் இல்லை. ஒற்றை விபிசி காலத்தில் டீஃபால்ட்டே சரியாக இருந்ததால் அந்தப் பத்தியை யாரும் தேடிப் போகவில்லை.

புரொடக்‌ஷனில் கை வைக்கும் முன் தனி அக்கவுண்ட்டில் சோதனை வலையமைப்பு ஒன்றைக் கட்டினேன். இடம் வடக்கு வர்ஜீனியா, விலைப்பட்டியல் மனப்பாடம் என்பதால். ஒரே ஸோன், ஒரே எண்ட்பாயிண்ட்: மணிக்கு 0.395 டாலர். டிரான்சிட் கேட்வே அட்டாச்மென்ட் மூன்று, ஒன்றுக்கு மணிக்கு 0.05 வீதம் 0.15. நேட் கேட்வேக்குத் தனிக் காசு இல்லை, ஃபயர்வால் எண்ட்பாயிண்ட்டோடு ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் அது தள்ளுபடி ஆகிவிடும். டி3 மைக்ரோ மெஷின்களைச் சேர்த்தாலும் மணிக்கு 0.60 டாலருக்குள் அடங்கும். டேட்டாவுக்கு ஃபயர்வாலில் ஜிபிக்கு 0.065, டிரான்சிட் கேட்வேயில் 0.02, கர்ல் அடிக்கிற அளவுக்கு இது கணக்கிலேயே வராது. வேலை நேரத்தில் மட்டும் ஓட்டினால் ஒரு நாளைக்கு ஐந்து டாலர். அணைக்க மறந்தால் எண்ட்பாயிண்ட் மட்டுமே மாதத்துக்கு 288 டாலர் கேட்கும். அதனால் முழுவதையும் டெராஃபார்மில் எழுதி, மாலையில் டிஸ்ட்ராய் அடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.

முதலில் ரூல் குரூப் அளவிலேயே திருத்திப் பார்த்தேன். ஒவ்வொரு ரூல் குரூப்பிலும் ரூல் வேரியபிள்ஸ் என்று ஒரு பகுதி உண்டு. அதில் ஐபி செட், போர்ட் செட் இரண்டு வகை. ஐபி செட்டில் ஹோம்_நெட் என்று பெயர் கொடுத்து 10.0.0.0/8 என்று எழுதினால் அந்தக் குரூப்புக்கு மட்டும் அது பொருந்தும். நம் சொந்தப் பெயரிலும் வைக்கலாம்: வெப்_சர்வர்ஸ், டிபி_போர்ட்ஸ் என்று. பெயர் எழுத்தில்தான் தொடங்க வேண்டும், நடுவில் எண்ணும் அடிக்கோடும் வரலாம், ஹைஃபன் கூடாது. இவை தவிர ஐபி செட் ரெஃபரன்ஸ் என்று இன்னொன்று இருக்கிறது. மேனேஜ்டு ப்ரிஃபிக்ஸ் லிஸ்ட்டை (தனியாக வைத்த ஐபி வரம்புப் பட்டியல்) சுட்டிக்காட்டி வைத்தால் அங்கே மாறும்போது இங்கேயும் மாறும். சுரிகாட்டா ரூலில் சாதாரண வேரியபிளை டாலர் குறியோடும் ரெஃபரன்ஸை அட் குறியோடும் எழுத வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டால் ரூல் குரூப் சேமிக்கவே விடாது.

டொமைன் குரூப்பில் போட்டதும் ஸ்போக் சோதனை தொங்கியது. பிரச்சினை தீர்ந்தது என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறைய பேர் அங்கேதான் நிறுத்துகிறார்கள். ஆனால் எங்கள் சுரிகாட்டா குரூப்புக்கு அதையே இன்னொரு தடவை எழுத வேண்டும். நாளைக்கு நான்காவது குரூப் சேர்த்தால் அதற்கும் எழுத வேண்டும், ஞாபகம் இருந்தால். அதைவிடப் பெரிய சிக்கல் மேனேஜ்டு த்ரெட் சிக்னேச்சர் குரூப். அது ஏடபிள்யூஎஸ் வைத்திருப்பது, அதற்குள் போய் நாம் வேரியபிள் எழுத முடியாது. அதன் ரூல்களும் பெரும்பாலும் ஹோம்_நெட்டிலிருந்து எக்ஸ்டர்னல்_நெட்டுக்கு என்றுதான் எழுதப்பட்டிருக்கும். ஆக, டொமைன் பட்டியல் மட்டுமா தூங்கிக்கொண்டிருந்தது? மால்வேர் சிக்னேச்சர்களும் சேர்ந்து தூங்கியிருக்கின்றன. இந்த இடத்தில்தான் வயிற்றைக் கலக்கியது.

மேனேஜ்டு குரூப்புக்கும் சேர்த்துச் சொல்ல ஒரே இடம் பாலிசி. பாலிசி வேரியபிள்ஸ் என்று ஒரு பகுதி, அதில் ஹோம்_நெட்டை மாற்றி எழுதலாம். பாலிசியில் உள்ள எல்லா குரூப்பும் அதை எடுத்துக்கொள்ளும். எந்தக் குரூப்பாவது தனக்கென்று சொந்தமாக ஹோம்_நெட் வைத்திருந்தால் அது தன்னுடையதையே பிடித்துக்கொள்ளும். அதனால் சோதனைக்காகக் குரூப்பில் எழுதியதை முதலில் அழித்துவிட்டுத்தான் பாலிசிக்கு வந்தேன். அழிக்காமல் விட்டால் இன்று இரண்டும் ஒரே மதிப்பாக இருக்கும், ஆறு மாதம் கழித்துப் பாலிசியில் ஒரு சிஐடிஆர் சேர்த்துவிட்டு “ஏன் இந்தக் குரூப்பில் மட்டும் பிடிக்கவில்லை” என்று யாரோ முடியைப் பிய்த்துக்கொள்வார்கள்.

சோதனை அக்கவுண்ட்டில் சிஎல்ஐ (கமாண்டு வரி) வழியாகச் செய்தேன், உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக. டிஸ்க்ரைப் ஃபயர்வால் பாலிசி கமாண்டு கொடுத்தால் பெரிய ஜேசான் ஒன்று வரும். அதில் நமக்கு வேண்டியவை இரண்டு: ஃபயர்வால் பாலிசி என்ற பகுதியும் அப்டேட் டோக்கனும். ஜேசானைப் பிரித்தெடுக்கும் ஜேக்யூ வைத்து பாலிசி பகுதியை மட்டும் தனிக் கோப்பாக எடுத்தேன். அதில் பாலிசி வேரியபிள்ஸ், அதற்குள் ரூல் வேரியபிள்ஸ், அதற்குள் ஹோம்_நெட், அதற்குள் டெஃபினிஷன் என்று நான்கு அடுக்கு இறங்கி, கடைசியில் சிஐடிஆர் பட்டியல். மற்ற எதையும் தொடாமல் முழுக் கோப்பையும் அப்டேட் கமாண்டில் கொடுத்தேன்.

முழுக் கோப்பு என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அப்டேட் என்பது இங்கே ஒட்டுப்போடும் வேலை கிடையாது, முழுதாக மாற்றி வைப்பது. புதிய நான்கு வரியை மட்டும் கோப்பில் எழுதி அனுப்பினால், விட்டுப்போன ரூல் குரூப் எல்லாம் பாலிசியிலிருந்து கழன்றுவிடும். ட்ரை ரன் என்று ஒரு கொடி இருக்கிறது, அனுப்புவது செல்லுமா என்று சொல்லும். ஆனால் குரூப் ஒன்று காணாமல் போகிறதே என்று எச்சரிக்காது, அதன் கணக்கில் அதுவும் செல்லுபடியாகும் பாலிசிதான். அதனால் பழைய கோப்பையும் புதியதையும் டிஃப் போட்டுப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். டோக்கன் பழையதாகியிருந்தால், அதாவது நீங்கள் எடுத்ததற்கும் அனுப்பியதற்கும் நடுவில் வேறு யாராவது மாற்றியிருந்தால், இன்வாலிட் டோக்கன் என்று திருப்பி அனுப்பும். மறுபடி டிஸ்க்ரைப் செய்து புது டோக்கன் எடுக்க வேண்டும். அப்போது கோப்பையும் புதிதாக எடுங்கள், டோக்கனை மட்டும் மாற்றி பழைய கோப்பையே அனுப்பினால் அந்த ‘வேறு யாரோ’ செய்த வேலை போச்சு.

அப்டேட் ஓகே சொன்னதுமே கர்ல் அடித்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம். டிஸ்க்ரைப் ஃபயர்வாலில் கான்ஃபிகரேஷன் சிங்க் ஸ்டேட் என்று ஒரு இடம், அது பெண்டிங்கிலிருந்து இன் சிங்க் ஆகும் வரை காத்திருக்க வேண்டும். இன் சிங்க் ஆனது. ஸ்போக்கிலிருந்து கர்ல் தொங்கியது. அலர்ட் லாக்கில் சோர்ஸ் 10.1, எஸ்என்ஐ (டிஎல்எஸ் இணைப்பு கேட்கும் தளத்தின் பெயர்) இடத்தில் எக்ஸாம்பிள் டாட் ஆர்க், ஆக்‌ஷன் பிளாக்டு. தளத்தின் பெயருக்கு ஐபி கேட்கும் என்எஸ்லுக்அப் மட்டும் வழக்கம்போலப் பதில் தந்தது. விபிசியின் ரிசால்வருக்குப் போகும் டிஎன்எஸ் கேள்விகள் ஃபயர்வால் பக்கமே வருவதில்லை, பெயர் கிடைப்பதால் தளம் திறந்திருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

சந்தோஷத்தில், முன்பு ஒழுங்காகத் தடைபட்ட அந்த இன்ஸ்பெக்‌ஷன் விபிசி மெஷினிலும் ஒரு கர்ல் அடித்தேன். 200!

நிலைமை தலைகீழ். ஆனால் யோசித்தால் நியாயம்தான். நாம் எழுதுவது டீஃபால்ட்டோடு சேர்வதில்லை, டீஃபால்ட்டைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் உட்காருகிறது. 10.0.0.0/8 என்று எழுதியதும் 100.64.0.0/16 ஹோம்_நெட்டிலிருந்து வெளியேறிவிட்டது. இன்ஸ்பெக்‌ஷனில் மெஷின் எதுவும் வைக்காதவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை. ஆனால் அங்கேயும் யாராவது ஒருநாள் ஒரு பாஸ்டியனை (மற்ற சர்வர்களுக்குள் ஏற உதவும் இடைச் சர்வர்) கொண்டுவந்து வைப்பார்கள். அதன் சிஐடிஆரையும் சேர்த்துவிட்டேன்.

பிறகு பட்டியலில் எதையெல்லாம் எழுதுவது என்ற கேள்வி. சோம்பேறித்தனமான பதில், மூன்று தனியார் வரம்பையும் எழுதிவிடுவது. புது விபிசி வந்தாலும் முதல் நாளிலிருந்தே பிடிக்கும், யாரும் எதையும் ஞாபகம் வைக்க வேண்டாம். பெரும்பாலானவர்களுக்கு இதையே சொல்வேன். ஆனால் எக்ஸ்டர்னல்_நெட் என்பது ஹோம்_நெட்டில் இல்லாத மிச்சம். ஹோம்_நெட்டை அகலமாக்கினால் எக்ஸ்டர்னல்_நெட் சுருங்கும். எங்களுக்கு விபிஎன் வழியாக ஒரு பார்ட்னர் நெட்வொர்க் இருக்கிறது, அவர்கள் வரம்பு 172.16.0.0/12-க்குள் வருகிறது. அவர்கள் வெளியாட்கள், அவர்களிடம் போகும் டிராஃபிக்கையும் ரூல்கள் பார்க்க வேண்டும். மூன்று வரம்பையும் எழுதினால் அவர்கள் வீட்டு ஆள் ஆகிவிடுவார்கள், ஹோமிலிருந்து எக்ஸ்டர்னலுக்கு என்று எழுதிய ஒரு ரூலும் அந்தப் பக்கம் பேசாது. ஆகவே 10.0.0.0/8, 100.64.0.0/16, பிறகு நாங்கள் உள்ளே எடுத்துக்கொண்ட பழைய டேட்டா சென்டரின் ஒரு 192.168 துண்டு. இத்தோடு நிறுத்தினோம். ஸ்போக்கிலிருந்து ஸ்போக்குக்குப் போவதை இந்த ரூல்கள் பார்க்காது என்பதையும் தெரிந்தேதான் விட்டோம். அதற்குத் தனி ரூல் குரூப், இரண்டு பக்கமும் வெளிப்படையான ஐபி செட்டுகளோடு.

சோதனை அக்கவுண்ட்டில் இதெல்லாம் சுளுவாக முடிந்தது. புரொடக்‌ஷனில் கதை வேறு. இத்தனை காலம் இல்லாத தடை ஒன்று திடீரென்று விழப் போகிறது. ஸ்போக்குகளில் இருக்கும் டீம்கள் அனுமதிப் பட்டியலைப் பார்த்ததே இல்லை, பார்க்கவேண்டிய அவசியமும் வந்ததில்லை. வேரியபிளை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் இரவெல்லாம் போன் வரும்.

ஆகவே முதலில் வேடிக்கை பார்த்தோம். டொமைன் குரூப்பைப் பாலிசியிலிருந்து கழற்றினோம், அது எப்படியும் ஸ்போக்குகளைத் தொடவில்லை. மேனேஜ்டு குரூப்பை டிராப் டு அலர்ட் என்ற ஓவர்ரைடில் வைத்தோம், அதாவது தடுக்கவேண்டியதைத் தடுக்காமல் எழுதி மட்டும் வைக்கும். பாலிசி வேரியபிளைப் போட்டோம். புதிதாக ஒரு சின்ன சுரிகாட்டா குரூப்: ஹோம்_நெட்டிலிருந்து எக்ஸ்டர்னல்_நெட்டுக்குப் போகும் ஒவ்வொரு டிஎல்எஸ் இணைப்புக்கும் ஒரு அலர்ட். அலர்ட் லாக்கில் எஸ்என்ஐ வரும். கிளவுட்வாட்ச் லாக்ஸ் இன்சைட்ஸில் எஸ்என்ஐ வாரியாக எண்ணி, சோர்ஸ் விபிசி வாரியாகப் பிரித்தோம். லாக் கொட்டும், ஜிபிக்கு 0.50 டாலர் என்று உள்வாங்கவே காசு. ரொம்ப நாள் வைத்திருக்கப் போகிறவர்கள் எஸ்3-க்கு அனுப்புங்கள்.

வந்த பட்டியல் சுவாரசியமானது. பைதான் பேக்கேஜுகளுக்கு பைபிஐ டாட் ஆர்க் மட்டும் போதாது, கோப்புகள் ஃபைல்ஸ் டாட் பைதான்ஹோஸ்டட் டாட் ஆர்க்கிலிருந்து வருகின்றன. டாக்கர் ஹப்பிலிருந்து ஒரு இமேஜ் இழுக்க ரெஜிஸ்ட்ரி ஒரு பெயர், டோக்கன் வாங்க இன்னொரு பெயர், லேயர்கள் வரும் சிடிஎன் வேறொரு பெயர். ஒன்று விட்டுப்போனாலும் பாதியில் நிற்கும். டாட் அமேசான்ஏடபிள்யூஎஸ் டாட் காம், முன்னால் புள்ளியோடு, கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் செஷன் மேனேஜரே உள்ளே விடாது, சர்வருக்குள் ஏறித் திருத்த வழியும் போய்விடும்.

மாதக்கடைசி தாண்டும் வரை வேடிக்கை பார்க்கச் சொன்னேன். சம்பளக் கணக்கு, வரித் தாக்கல் மாதிரி வேலைகள் மாதத்தில் ஒரு தடவைதான் வெளியே எட்டிப் பார்க்கும். நினைத்தது போலவே அந்த வாரத்தில் சில புதுப் பெயர்கள் முளைத்தன.

பட்டியல் நிரம்பியதும் டொமைன் குரூப்பைத் திரும்ப மாட்டினோம். அலர்ட் குரூப் அப்படியே இருக்கட்டும், ஆக்‌ஷன் ஆர்டரில் பாஸ் முதலில், டிராப் அடுத்து, அலர்ட் கடைசியில் என்பதால் தொந்தரவில்லை. மாட்டிய உடனே எதுவும் உடையவில்லை என்று மகிழவும் வேண்டாம். ஸ்டேட்ஃபுல் ரூல் மாற்றங்கள் புதிய இணைப்புகளுக்குத்தான் பொருந்தும், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பு அது முடியும்வரை ஓடும். கனெக்‌ஷன் பூல் வைத்திருக்கும் ஆப்கள் மறுநாள் டெப்ளாய் ஆகும்போதுதான் அழும்.

அழுதது விண்டோஸ் சர்வர் வைத்திருந்த டீம். “ஃபயர்வால்ல ஏதாச்சும் மாத்துனீங்களா? எல்லாமே ரொம்ப ஸ்லோவா இருக்கு சார்.” நின்றுபோகவில்லை, மெதுவாகிவிட்டது. அலர்ட் லாக்கைப் பார்த்தால் போர்ட் 80-இல் பிளாக்டு வரிசையாக. சர்ட்டிஃபிகேட் ரத்தாகியிருக்கிறதா என்று பார்க்க விண்டோஸ் சாதாரண ஹெச்டிடிபியில் போய்க் கேட்கும். கிடைக்காவிட்டால் டைம்‌அவுட் ஆகும்வரை காத்திருந்துவிட்டு மேலே போகும். எங்கள் வேடிக்கை ரூல் டிஎல்எஸ்ஸை மட்டும் பார்த்ததால் இந்தப் பெயர்கள் பட்டியலில் ஏறவே இல்லை. டொமைன் பட்டியல் ஹெச்டிடிபி ஹோஸ்ட், டிஎல்எஸ் எஸ்என்ஐ இரண்டையும் பார்க்கும். வேடிக்கை ரூலும் இரண்டு எழுத வேண்டும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. பாலிசி வேரியபிளை முதலில் கன்சோலில் போட்டோம், டெராஃபார்மில் எழுதி ரிவ்யூவுக்கும் அனுப்பியிருந்தோம். அது மெர்ஜ் ஆவதற்குள் வேறொரு டீமின் மாற்றத்துக்காகப் பைப்லைன் ஓடியது. கோடில் பாலிசி வேரியபிள்ஸ் இல்லையே, சுத்தமாக அழித்துவிட்டது. எரர் இல்லை, அலாரம் இல்லை, ஸ்போக்குகள் மறுபடி சுதந்திரம். வேடிக்கை அலர்ட்டுகள் திடீரென்று வற்றிப்போனதால்தான் தெரிந்தது. டெராஃபார்மில் பாலிசி வேரியபிள்ஸ் பிளாக், அதற்குள் ரூல் வேரியபிள்ஸ், கீ என்ற இடத்தில் ஹோம்_நெட், ஐபி செட்டுக்குள் டெஃபினிஷன். அதைக் கோடில் வைத்துவிட்டுத்தான் கன்சோல் பக்கம் போகவேண்டும், அல்லது போகவே வேண்டாம்.

அடுத்த தடவை இதே வேலை வந்தால் இரண்டு விஷயத்தை மாற்றுவேன். முதலாவது ஸ்ட்ரிக்ட் ஆர்டர். ரூல் வரிசையை இருக்கிற பாலிசியில் மாற்ற முடியாது, புதிதாகப் பாலிசியும் குரூப்களும் செய்து ஃபயர்வாலை அதற்கு மாற்ற வேண்டும். எப்படியும் எல்லா டீமையும் தொந்தரவு செய்த கையோடு அதையும் முடித்திருக்கலாம், இப்போது தனியாக ஒரு இரவு கேட்டு நிற்கிறோம். இரண்டாவது, ஸ்போக் ஒவ்வொன்றிலும் ஒரு லாம்ப்டா (ஏடபிள்யூஎஸ்ஸில் சர்வர் இல்லாமல் ஓடும் சின்ன புரோகிராம்). ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எக்ஸாம்பிள் டாட் ஆர்க்கைத் தட்டும், பதில் வந்தால் அலாரம் அடிக்கும். இதை எழுதி முடித்தாயிற்று. இன்ஸ்பெக்‌ஷன் விபிசியிலும் ஒன்று போட்டிருக்கிறோம். புது விபிசி திறக்கும் டெராஃபார்ம் மாட்யூலிலேயே அது சேர்ந்து வருகிறது, டைம்‌அவுட் 10 விநாடி, டிராப் ஆனால் இணைப்பு தொங்கும் என்பதால் லாம்ப்டாவின் சொந்த டைம்‌அவுட்டை 20 என்று வைத்திருக்கிறோம்.